வண்டியோட்டியின் வலது கால்

காயல்பட்டினத்தில் எம் தங்கையின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பின்னரும் நாம் இறங்கவில்லை. என்ஜின் அடங்கிவிட்டது. மனைவியும் மகளும் இறங்கிச் சாமான்களை எடுத்துக் கொண்டிருந்தனர். 2022 டிசம்பர் மாதத்து இரவு அது. மறுநாள் தங்கை மகளின் நிக்காஹ். பந்தலில் விளக்குகள் எரிந்து கொண்டிருந்தன. தங்கை ஓடி வந்து, கண்ணாடிக்கருகே குனிந்து, "என்ன காக்கா, வந்து சேர்ந்த பிறகும் இறங்காம உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டாள்.

"என்ஜின் கொஞ்சம் ஆறட்டும்மா" என்றோம்.

ஆற வேண்டியது என்ஜின் அன்று, எமது வலது கால். சுபுஹுத் தொழுகை முடித்துச் சென்னையை விட்டுக் கிளம்பி, ஏறத்தாழ அறுநூற்றைம்பது கிலோமீட்டர் தூரத்தை இரண்டே நிறுத்தங்களில் கடந்து வந்திருந்தோம். திருச்சியில் ஒருமுறை, மதுரைக்கு அப்பால் ஒருமுறை. அதைப் பெருமையாகவும் எண்ணியிருந்தோம். இப்போது கதவைத் திறந்து பாதத்தைத் தரையில் ஊன்றியதும் குதிகாலில் ஓர் ஆணி ஏறியது போலிருந்தது. கணுக்கால் மடங்க மறுத்தது. கதவைப் பிடித்தபடி நின்று, பந்தற்காலைப் பிடித்தபடி நடந்து, திண்ணையில் போய் அமர்ந்தோம். அறுபத்து நான்கு வயது மாமா களைத்துப் போயிருக்கிறார் என்று எண்ணி இளைஞர்கள் தேநீர் கொண்டு வந்து தந்தனர். நாற்பதாண்டுகள் ஸ்டியரிங் பிடித்த ஒருவர், "எனக்குக் கால் வலிக்கிறது" என்று சொல்ல நாணப்படுவதை அவர்கள் எங்ஙனம் அறிவர்?

கைகளைப் பற்றி நாம் பேசுகிறோம். கண்களைப் பற்றிப் பேசுகிறோம். வண்டி ஓட்டுபவனுக்குக் கண் கூர்மை வேண்டும், கை நிதானம் வேண்டும் என்கிறோம். ஆனால் வண்டியை ஓடச் செய்வதும் நிற்கச் செய்வதும் பாதங்களே. ஒவ்வொரு பாதத்திலும் இருபத்தாறு எலும்புகள் உள்ளன. அவற்றைப் பிணைத்து முப்பதுக்கும் மேற்பட்ட மூட்டுகளும் நூற்றுக்கு மேற்பட்ட தசைகளும் நாண்களும் தசைநார்களும் அமைந்துள்ளன. இத்தனையும் நடப்பதற்கென அமைந்தவை. நடக்கும் போது ஒரு கால் சுமக்க, மறு கால் இளைப்பாறுகிறது. அடுத்த அடியில் பணி மாறுகிறது. கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் சுருங்கி விரிந்து, கீழே இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அதனாலன்றோ மருத்துவர்கள் அதனை இரண்டாவது இதயம் என்கின்றனர்!

வண்டி ஓட்டுகையில் இந்த ஒழுங்கு குலைந்து விடுகிறது. நெடுஞ்சாலையில் வலது பாதம் ஆக்ஸிலேட்டரின் மேல் மணிக்கணக்கில் ஒரே கோணத்தில் நிற்கிறது. அது மிதிப்பதும் இல்லை, ஓய்வதும் இல்லை. பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் முன்னங்கால் தசை விடாமல் இறுகியிருக்கிறது. உடலின் பாரம் ஏதுமின்றியே குதிகாலின் ஒரே புள்ளி தரையில் அழுந்துகிறது. இடது காலின் கதை வேறு. பெருங்களத்தூரிலிருந்து கூடுவாஞ்சேரி வரை பெருநாள் கூட்டத்தில் ஊர்ந்து செல்லும் போது கிளட்சை எத்தனை முறை மிதிக்கிறோம் என்று ஒருமுறை எண்ணத் தொடங்கினோம். இருநூறுக்கு மேல் எண்ணிக்கை தவறிப் போயிற்று. வலது கால் அசையாமையால் நோகிறது. இடது கால் ஓயாமையால் நோகிறது.

இதையெல்லாம் நாம் பின்னரே அறிந்தோம். அன்றிரவு தைலம் தேய்த்துக் கொண்டு உறங்கினோம். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைத்த முதல் அடி, முந்திய இரவினும் கொடிதாக இருந்தது. பத்துப் பதினைந்து அடி நடந்ததும் சற்றுக் குறைந்தது. குறைந்ததும் மறந்தோம். நிக்காஹ் நிறைவுற்றது, விருந்து நிறைவுற்றது, மூன்றாம் நாள் சென்னைக்குத் திரும்பினோம். வழியில் நிகழ்ந்ததைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

மேலூரைத் தாண்டிய இடம். சாலை நடுவே உள்ள இடைவெளி வழியாக ஓர் ஆட்டு மந்தை கடந்து கொண்டிருந்தது. மந்தைக்குப் பின்னால் ஒரு சிறுவன், பத்து வயதிருக்கலாம். தொலைவிலேயே கண்டோம். கண் பிழை செய்யவில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து பாதத்தை எடுத்துப் பிரேக்கை மிதித்தோம். வண்டி நிற்கவில்லை, உறுமியது. மனைவி அலறினாள். மீண்டும் மிதித்தோம், வண்டி உறுமலோடு முன்னே பாய்ந்தது. மூன்றாம் முறை காலை முழுவதும் தூக்கி இடப்பக்கம் வைத்து ஊன்றிய பின்னரே சக்கரங்கள் கிறீச்சிட்டு நின்றன. சிறுவனுக்கும் வண்டிக்கும் இடையே இரண்டு முழம் இருந்திருக்கலாம். அவன் எம்மைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. கடைசி ஆட்டை விரட்டிக் கொண்டு அப்பால் போய்விட்டான்.

குனிந்து பார்த்தோம். எமது வலது காற்செருப்பு கழன்று பிரேக்கின் அருகே கிடந்தது. "பாழாய்ப் போன செருப்பு!" என்றாள் மனைவி. "ஆமாம், செருப்புதான்" என்றோம் நாம். சென்னை வந்து சேரும் வரை செருப்பின் மேலேயே பழி போட்டுக் கொண்டு வந்தோம். உறவினர்களிடமும் அவ்வாறே சொன்னோம். செருப்பு மறுத்துப் பேசாதல்லவா?

எனினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. மகள் மறுநாள் காலையில் எம்மை மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அவர் குதிகாலை அழுத்திப் பார்த்தார். கணுக்காலை மடக்கிப் பார்த்தார். உள்ளங்காலில் குதிகாலையும் விரல்களையும் இணைக்கும் உறுதியான தசைநார்ப் பட்டை புண்பட்டிருக்கிறது என்றார். காலையில் முதல் அடி வலிப்பதும் நடக்க நடக்கக் குறைவதும் அதன் அடையாளமாம். கெண்டைக்கால் தசை இறுகிப் போனதால் குதிகால் மேலே இழுபட்டு, பட்டையின் மேல் இழுவிசை கூடியிருக்கிறது. கெண்டை இறுகியதற்கும் குதிகால் நைந்ததற்கும் நாம் அமர்ந்த முறையும், நிறுத்தாமல் ஓட்டிய பழக்கமும், தட்டையான தேய்ந்த செருப்பும் துணை செய்துள்ளன என்று விளக்கினார்.

"சரி, முன்பாதம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

"அங்கே வலியே இல்லை, டாக்டர்" என்றோம் மகிழ்ச்சியோடு.

அவர் மகிழவில்லை. எத்தனை ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் என்று கேட்டார். பதினான்கு என்றோம். கண்களை மூடச் சொன்னார். மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்து, பாதத்தில் தொடும் போதெல்லாம் "ஆம்" என்று சொல்லுமாறு பணித்தார். நாம் ஆறு முறை "ஆம்" என்றோம். கண்களைத் திறந்ததும், "எத்தனை இடங்களில் தொட்டேன்?" என்றார்.

"ஆறு."

"பத்து" என்றார் அவர்.

அறையில் சிறிது நேரம் மௌனம் நிலவியது. பின்னர் அவர் ஒரு கேள்வி கேட்டார். மேலூர் நிகழ்ச்சியை மகள் அவரிடம் முன்னரே சொல்லியிருந்தாள் போலும். "நீங்கள் மிதித்த போது, மிதிப்பது பிரேக்கையா ஆக்ஸிலேட்டரையா என்று உங்கள் பாதத்துக்குத் தெரிந்ததா?"

எம்மிடம் விடை இல்லை. இருந்த விடையைச் சொல்ல மனம் வரவில்லை என்பதே மெய். செருப்பு கழன்றது உண்மை; ஆனால் கழன்றது எமக்குத் தெரியவில்லையே! பாதத்தின் விளிம்பு ஆக்ஸிலேட்டரின் மேலேயே தங்கியிருந்ததும் தெரியவில்லை. வலித்த குதிகாலைப் பற்றிக் கவலைப்பட்டுக் கொண்டிருந்தோம். உண்மையான ஆபத்து, வலிக்காத முன்பாதத்தில் மறைந்திருந்தது. வலி நம்மிடம் முறையிடுகிறது. மரத்துப் போன உறுப்போ முறையிடாமலேயே நம்மைக் கைவிட்டு விடுகிறது.

இது எம் ஒருவரின் கதை அன்று. 2023 ஜூன் மாதம் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் சர்க்கரை நோயுடன் வாழ்வதாகக் கணக்கிட்டது. அது நெடுநாள் கட்டுக்கு அடங்காமல் இருந்தால் நரம்புகளைக் கெடுக்கிறது. நீளமான நரம்புகளின் நுனியை, அதாவது பாதங்களை, முதலில் தொடுகிறது. விருந்தும் இனிப்பும் குறையாத நம் இல்லங்களில் இந்நோய் இல்லாத குடும்பம் எது? அக்குடும்பங்களில் வண்டி ஓட்டுபவர் பெரும்பாலும் யார்? ஐம்பதையும் அறுபதையும் கடந்த வாப்பாமாரும் மாமாமாரும் அல்லவா? நாற்பது வயதுக்கு மேல் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டுமெனச் சட்டம் கேட்கிறது. அந்தத் தாளை நாம் ஒரு கையொப்பமாக மட்டுமே கருதி வந்தோம். கண்ணைப் பரிசோதித்துக் கொண்டோமேயன்றிக் காலைக் காட்ட வேண்டுமென ஒரு போதும் எண்ணியதில்லை.

இனி, மருத்துவர் கற்பித்ததையும் நாம் தடுமாறிக் கற்றதையும் இங்கே வைக்கிறோம். உணர்ச்சி குறையாத, வலி மட்டுமே உள்ள கால்களுக்கு இவை பெரிதும் உதவும். வலியே இல்லாத இளையோர்க்கு அது வராமற் காக்கும்.

முதலாவது இருக்கை. நாம் நாற்பதாண்டுகளாக இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, ஜமீன்தாரைப் போல் சாய்ந்து ஓட்டினோம். பெடல் தொலைவில் இருந்ததால் விரல் நுனியால் மிதித்தோம்; கணுக்கால் நீண்டு, கெண்டை இறுகியது. வண்டி நிற்கும் போது முதுகை இருக்கையில் நன்கு பதித்து அமர்ந்து, கிளட்சை முழுவதுமாக மிதித்துப் பாருங்கள். அப்போதும் முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டால் இருக்கை தொலைவில் உள்ளது. மிக அருகில் இருந்தாலோ கணுக்கால் மேல்நோக்கி மடிந்து முன்னங்கால் நோகும். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழையுமளவு இடம் வேண்டும். இல்லையேல் தொடை அழுந்தி இரத்த ஓட்டம் தடைப்படும். பின் பாக்கெட்டில் கனத்த பர்ஸை வைத்துக் கொண்டு அமர்வதும் தீது. அது காலுக்குச் செல்லும் நரம்பை அழுத்தி, தொடையிலிருந்து பாதம் வரை மரக்கச் செய்யும். பர்ஸ் கனமாயிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. அதன் மேல் அமர்ந்திருக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது பாதம் வைக்கும் முறை. வலது குதிகால் ஏறத்தாழப் பிரேக்கின் நேர் எதிரே தரையில் ஊன்றியிருக்க, முன்பாதத்தை மட்டும் வலப்புறம் திருப்பி ஆக்ஸிலேட்டரை மிதிப்பதே நல்ல பழக்கம். பாதம் சிறியவர்களுக்கு இது எட்டாதாயின் வற்புறுத்த வேண்டாம். காலைத் தூக்கி வைத்து மிதிக்கலாம். மிதிப்பது விரல் நுனியாலோ உள்ளங்காலின் வளைவாலோ அன்று. விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டினால் மிதிக்க வேண்டும். இடது காலைக் கிளட்சின் மேலேயே வைத்துக் கொண்டு ஓட்டுவது பலருடைய வழக்கம். அதனால் கிளட்சும் தேயும், காலும் தேயும். பல வண்டிகளில் அதன் இடப்பக்கம் கால் வைக்க ஒரு மேடை அமைத்திருக்கிறார்கள். கியர் மாற்றாத நேரமெல்லாம் அங்கே காலை இளைப்பாற விடுங்கள். சாலையில் நெடுநேரம் நிற்க நேரின் கியரை நடுநிலைக்குக் கொணர்ந்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இரண்டு கால்களையும் தளர்த்துங்கள்.

மூன்றாவது காலணி. வாரில்லாத ரப்பர் செருப்பு பள்ளிவாசலுக்குப் போகவும் கடைத்தெருவுக்குப் போகவும் ஏற்றது; பெடலுக்கு ஏற்றதன்று. அது கழலும், மடங்கும், பிரேக்கின் கீழே போய்ப் படுக்கும். தடித்த அடிப்பகுதியுள்ள காலணி பெடலின் உணர்வைப் பாதத்துக்கு எட்டவிடாது. உயர்ந்த குதியுள்ள காலணி கணுக்காலை நிலைதவறச் செய்யும். வெறுங்காலோடு ஓட்டுபவர்கள் நம்மில் நிரம்ப உண்டு. பெடலின் உணர்வு நன்கு தெரியும் என்பது அவர்கள் வாதம். சிறு தூரத்துக்கு அது பொருந்தலாம். நெடுந்தூரத்தில் இரும்பின் அழுத்தம் பாதத்தின் ஓரிடத்திலேயே குவியும். சர்க்கரை நோயாளிகளோ வெறுங்காலை அறவே தவிர்க்க வேண்டும். குதிகாலை வாரால் பற்றும், மெல்லிய தட்டையான உறுதியான அடியுள்ள காலணி ஒன்றை ஓட்டுவதற்கெனவே வைத்துக் கொள்வது நலம். கழற்றிய செருப்பை ஓட்டுபவரின் காலடியில் வைக்காதீர்கள். தண்ணீர்ப் புட்டியும் அங்கே உருளக் கூடாது. அழகுக்காகக் கால்விரிப்பின் மேல் கால்விரிப்பு போடுவதும் கூடாது. கைலியோடு ஓட்டும் அன்பர்களும், புர்கா அணிந்து ஓட்டும் சகோதரியரும் கீழ்க்கரை பெடலில் சிக்காதவாறு ஒதுக்கிக் கொண்டு அமர வேண்டும்.

நான்காவதும் தலையாயதும் நிறுத்தம். வாகனத் தொழிலாளர்களுக்காக 1961-ஆம் ஆண்டு இயற்றிய சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவிடாது வேலை வாங்கலாகாது, குறைந்தது அரை மணி ஓய்வு தர வேண்டும் என்று விதித்தது. கூலிக்கு ஓட்டுபவருக்குச் சட்டம் காட்டிய இரக்கத்தைச் சொந்த வண்டி ஓட்டும் நாம் நமக்கே காட்டிக் கொள்வதில்லை. பிரிட்டனின் சாலை விதிநூல் இன்னும் கனிவானது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குறைந்தது பதினைந்து நிமிடம் நிறுத்துமாறு அது அறிவுறுத்துகிறது. இது கால் வலிக்கு மட்டுமன்று. நான்கு மணி நேரமும் அதற்கு மேலும் அசையாது அமர்ந்து பயணம் செய்தால் காலின் ஆழ்நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு கண்டது. அவ்வாறு நேர்வது அரிது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. ஆயினும் பயணத்துக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடேறி, வலித்தால் தைலம் தேய்த்துக் கொண்டிராமல் மருத்துவரிடம் விரைக. மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது.

நிறுத்தும் போது இருக்கையிலேயே அமர்ந்து தேநீர் பருகினால் பயனில்லை. இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள். வண்டியின் பக்கவாட்டில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, முழங்காலை நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னே சாயுங்கள். கெண்டை இழுபடுவது தெரியும். முப்பது எண்ணும் வரை நின்று, மறு காலுக்கும் அவ்வாறே செய்யுங்கள். பின்பு குதிகால்களை உயர்த்திப் பத்து முறை எழுந்து தாழுங்கள். கணுக்காலை இருபுறமும் சுழற்றுங்கள். ஓட்டிக் கொண்டிருக்கும் போது இவற்றுள் எதையும் முயலாதீர்கள். வீட்டில், காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் ஒரு துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி உம்மை நோக்கி இழுத்துப் பிடித்தால், அந்த முதல் அடியின் கொடுமை பெரிதும் தணியும். இதை எம் அனுபவத்தில் கண்டோம். உணர்ச்சி குறைந்தவர்கள் மட்டும் சூட்டு ஒத்தடமும் பனிக்கட்டியும் வைத்துக் கொள்ள வேண்டாம். தோல் வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

வழியில் தொழுகைக்காக நிறுத்துபவர்களுக்கு இந்த ஓய்வு தானே வாய்க்கிறது. ஒளுச் செய்யக் காலைக் கழுவும் போது, விரலிடுக்குகளை ஒரு கணம் உற்றுப் பாருங்கள். கொப்புளம், சிவப்பு, வெடிப்பு ஏதேனும் உண்டா? பாதம் சொல்லாததைக் கண் சொல்லும். நாம் இத்தனை ஆண்டுகள் கழுவினோம், பார்க்கவில்லை.

இவற்றை எழுதும் போது ஒருவர் நினைவு வருகிறது. எம் வாப்பா சென்னையில் கடை வைத்திருந்த காலத்தில் அவருடைய வண்டியை ஓட்டிய முதியவர் அவர். டிரைவர் மாமா என்று அழைப்போம். 1970-களில் ஊருக்குப் போவதென்றால் ஒரு பகலும் அதற்கு மேலும் ஆகும். அவர் விழுப்புரத்தில் நிறுத்துவார். திருச்சிக்கு முன்னும் பின்னும் நிறுத்துவார். இறங்கியதும் வண்டியை மூன்று முறை மெல்லச் சுற்றி வருவார். ஒவ்வொரு டயர் அருகிலும் நின்று, குதிகாலைத் தரையில் ஊன்றி, கால் முனையால் டயரை அழுத்திப் பார்ப்பார். "காத்து சரியா இருக்கா மாமா?" என்று கேட்போம். "இருக்கு தம்பி, இருக்கு" என்பார். எத்தனை கவனமான மனிதர், எந்நேரமும் டயரைச் சோதிக்கிறாரே என்று வியந்திருக்கிறோம். மருத்துவர் கெண்டையை நீட்டும் பயிற்சியைக் கற்பித்த அன்றுதான் எமக்கு விளங்கிற்று. அவர் சோதித்தது டயரையன்று. முதலாளியின் முன்னே "கால் நோகிறது, சற்று நில்லுங்கள்" என்று சொல்ல அந்த மனிதருக்கும் நாணமாயிருந்திருக்கும். டயரைச் சாக்காக வைத்துத் தம் கால்களைக் காத்துக் கொண்டிருக்கிறார். அவர் எழுபது வயதுக்கு மேலும் ஓட்டினார்.

எமக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. சர்க்கரையை இனிக் கட்டுக்குள் வைத்தால் மேலும் கெடாமற் காக்கலாம், ஆனால் போன உணர்ச்சி முழுவதும் திரும்பும் என்று உறுதி கூற இயலாது என்றார் மருத்துவர். "இந்தப் பாதங்களோடு நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது" என்றும் சொன்னார். வீடு திரும்பியதும் சாவியை எடுத்து மேசை மீது வைத்தோம். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. இரவு உணவுக்குப் பின் அவளையும் மகளையும் அருகே அமரச் செய்து, "மேலூரில் பிழை செய்தது செருப்பன்று" என்று சொன்னோம். சொல்வதற்குப் பத்து நாட்கள் பிடித்தன. சொல்லி முடித்த பின், அந்தச் சிறுவனின் முகம் எம் முன்னே வருவது நின்றுவிடவில்லை. ஆனால் அதை நேருக்கு நேர் பார்க்க முடிந்தது.

மகள் பள்ளி ஆசிரியை. வண்டி ஓட்டக் கற்று நான்காண்டுகள் ஆகியிருந்தன. நகரத்தை விட்டு வெளியே ஓட்ட அவளை நாம் ஒருநாளும் விட்டதில்லை. "நெடுஞ்சாலை உனக்கு ஒத்து வராதும்மா" என்போம். 2023 ஜூன் மாதம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊருக்குப் புறப்பட்ட அதிகாலையில், அவள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, நெம்புகோலைப் பிடித்து, இருக்கையை முன்னே இழுத்தாள். அது ஒவ்வொரு பல்லாக நகர்ந்த ஓசை எம் நெஞ்சில் கேட்டது. கிளட்சை முழுவதும் மிதித்து, "முழங்கால் மடங்குது, சரிதானே வாப்பா?" என்றாள். சரிதான் என்றோம்.

செங்கல்பட்டு வரை எமது வலது கால், இல்லாத பிரேக்கை மிதித்துக் கொண்டேயிருந்தது. ஒவ்வொரு பேருந்துக்கும் மிதித்தோம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் மிதித்தோம். அவள் பார்த்துச் சிரித்தாள், ஒன்றும் சொல்லவில்லை. திண்டிவனம் தாண்டிய பின் அந்தக் கால் தானே அடங்கியது. அவள் எம்மைக் காட்டிலும் நன்றாகவே ஓட்டினாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, கேட்காமலே நிறுத்தினாள்.

விழுப்புரத்துக்கு அப்பால் ஒரு புளியமரத்து நிழலில் வண்டி நின்றது. அவளும் அவள் உம்மாவும் வண்டியில் கை ஊன்றிக் கெண்டையை நீட்டிக் கொண்டிருந்தனர். நாம் இறங்கி வண்டியை மெல்லச் சுற்றி வந்தோம். முன் டயர் அருகே நின்று, குதிகாலைத் தரையில் ஊன்றி, கால் முனையால் அதை அழுத்தினோம்.

"காத்து கம்மியா இருக்கா வாப்பா?" என்று கேட்டாள் மகள்.

"இருக்கு, இருக்கு" என்றோம்.

அன்றிரவு காயல்பட்டினத்தில் வண்டி நின்றதும் தங்கை வாசலுக்கு ஓடி வந்தாள். நாம் கதவைத் திறந்து, ஒரு கையால் மேற்பிடியைப் பற்றி, பாதம் தரையில் நன்றாகப் படிந்ததைக் கண்ணால் பார்த்து உறுதி செய்து கொண்டு இறங்கினோம். "என்ன காக்கா, இந்தத் தடவை முதல் ஆளா இறங்கிட்டீங்க?" என்றாள் அவள்.

"இந்தத் தடவை நான் ஓட்டலம்மா" என்றோம்.